கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே பில்ட்-இன் ஆப்ஜெக்டைக் கட்டி முடிக்கலாமா?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
வணக்கம். கம்பஸ் இறுதியாண்டு புரொஜெக்டுக்கு சி++இல் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ஒன்று எழுதுகிறேன். மேப் என்ற பில்ட்-இன் (மொழியோடே வரும்) ஆப்ஜெக்டுக்குள் சாவிகளுக்கு ஒன்று, மதிப்புகளுக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணைகள். இரண்டுக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷன்) ஹீப்பில், அதாவது கலெக்டர் கவனிக்கும் நினைவகத்தில், இடம் எடுக்கிறேன். நிறைய மேப் உருவாக்கினால் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) இன்னும் பயனில் உள்ளவற்றை மார்க் செய்யும்போது கிராஷ் ஆகிறது, ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில். எங்கே பார்ப்பது?

தெஹிவளை ரூபி:
தம்பி, கலெக்டரில் கை வைக்காதீர்கள், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இரண்டாவது அட்டவணைக்கு இடம் கேட்கும்போது ஹீப் நிறைந்திருந்தால் கலெக்‌ஷன் அங்கேயே தொடங்கும். ஸ்டாக்கில் (ஓடும் ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) இருக்கும் திஸ் பாயின்டரை, அதாவது கட்டப்படும் மேப்பின் முகவரியைப் பிடித்து உங்கள் மேப்புக்குள் போகும். சாவி அட்டவணை சரி. மதிப்பு அட்டவணையின் பாயின்டரில் இன்னும் எதுவும் எழுதவில்லையே! அந்த இடத்தில் முன்பு இருந்த ஏதோ செத்த ஆப்ஜெக்டின் மிச்சத்தை முகவரி என்று நம்பிப் போகிறது.

கன்ஸ்ட்ரக்டரில் எல்லாப் பாயின்டருக்கும் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) மட்டும் போடுங்கள், மார்க் செய்யும் ஃபங்ஷன் நல்லைத் தாண்டிப் போகட்டும். ஹீப் கேட்கும் வேலை முழுவதும் இரண்டாம் கட்டத்துக்கு. சஃபாரியின் எஞ்சினான ஜாவாஸ்கிரிப்ட்கோரில் அதற்கு ஃபினிஷ்கிரியேஷன் என்று பெயர், லேடிபேர்ட் பிரவுசரின் எஞ்சினான லிப்ஜேஎஸ்ஸில் இனிஷியலைஸ். முதலில் பேஸ் கிளாஸின் (உங்கள் கிளாஸ் எதிலிருந்து வருகிறதோ அதன்) இரண்டாம் கட்டத்தைக் கூப்பிட்டுவிட்டுத்தான் உங்களுடையது. கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட் ஆக்கி, இரண்டு கட்டத்தையும் ஒரே கிரியேட் ஃபங்ஷனில் வையுங்கள். மற்றவர்கள் ஞாபகம் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று விடவே கூடாது.

பம்பலப்பிட்டி இரவு:
எஞ்சினின் தொடக்க வேலைகள் முடியும்வரை கலெக்டரை நிறுத்தி வைத்தால் போதாதா?

தெஹிவளை ரூபி:
தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும்போது புதிய மேப் கேட்டால்? அதே குழி.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
விளங்குது அக்கா. இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆப்ஜெக்ட் கன்ஸ்ட்ரக்டர் ஒரு ஃபங்ஷன், அதற்கு பேரன்ட்டாக ஃபங்ஷன் புரோட்டோடைப் (ஃபங்ஷன்கள் தங்கள் மெத்தட்களைப் பெறும் ஆப்ஜெக்ட்) வேண்டும், அதற்கோ ஆப்ஜெக்ட் புரோட்டோடைப் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

தெஹிவளை ரூபி:
ஆப்ஜெக்ட் புரோட்டோடைப்தான் முதல், அதன் பேரன்ட் நல். அடுத்து ஃபங்ஷன் புரோட்டோடைப், அதுவும் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்தான். இரண்டையும் வெறுமையாகவே ரியல்மில் (பில்ட்-இன் ஆப்ஜெக்டுகளை வைத்திருக்கும் இடம்) போட்டுவிடுங்கள், அப்போது கலெக்டருக்கும் தெரியும். மெத்தட்கள் அப்புறம். இன்னும் உருவாகாத ஒன்றைச் சார்ந்திராதபடி வரிசைப்படுத்த வேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட் விவரக்குறிப்பே சொல்கிறது.

சோதிக்கும்போது ஒவ்வோர் அலொகேஷனுக்கும் (நினைவிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும்) கலெக்‌ஷன் ஓட வைக்கும் ஃபிளாக் ஒன்று சேருங்கள். ஃபயர்பாக்ஸின் எஞ்சினான ஸ்பைடர்மங்கியில் ஜிசி ஸீல் (gczeal) அப்படிப்பட்டதுதான். மெதுவாக ஓடும், பரவாயில்லை.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
ஃபிளாக் போட்டதும் முதல் மேப்பிலேயே விழுந்தது. இரண்டு கட்டமாகப் பிரித்த பிறகு அதே ஃபிளாக்குடன் முழு டெஸ்டும் ஓடுகிறது. அடுத்து செட், பிராமிஸ் இரண்டையும் மாற்றுகிறேன். மிக்க நன்றி அக்கா.