ஐந்து வாரக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கின்றன: காரணம் என்னவாக இருக்கும்?

லயத்துவாசி (சுங்கை சிப்புட்):

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் அருகேயுள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் வசிக்கிறோம். வீட்டின் பின்னால் உள்ள விறகுக் கொட்டகையில் ஒரு நாய் ஈன்ற ஆறு குட்டிகளில் நான்கு இந்த வாரத்திற்குள் இறந்துவிட்டன. முந்தைய மாலை வரை தாயின் வாலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்த குட்டி, மறுநாள் காலையில் நிற்க முடியாமல் தள்ளாடி, பால் குடிக்க மறுத்து, மதியத்திற்குள் உடல் குளிர்ந்து இறந்துவிடுகிறது. வாந்தி எதையும் நாங்கள் பார்க்கவில்லை. கடைசியாக இறந்த குட்டியின் மலம் மட்டும் தார் போலக் கறுத்திருந்தது. தோட்டத்தில் வைத்த எலி மருந்துதான் காரணம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். தீவனக் கடைக்காரர் பார்வோ என்ற வைரஸ் நோய் என்கிறார். தடுப்பூசியோ குடல் பூச்சி மருந்தோ இதுவரை கொடுக்கப்படவில்லை. மீதமுள்ள இரண்டையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள். என் மகள் அவற்றை விட்டு நகர மறுக்கிறாள்.

தைப்பிங்வாசி:

ஐயா, உடனே ஒரு குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தால், உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். வெளுத்த ஈறும் கறுத்த மலமும் சேர்ந்து வரும்போது நான் முதலில் சந்தேகப்படுவது கொக்கிப்புழுவைத்தான். அது குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. குடலின் மேற்பகுதியில் கசிந்த இரத்தம் செரித்து வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. தாயின் உடலில் உறங்கிக்கிடக்கும் இளம்புழுக்கள் பால் வழியாகவே குட்டிகளுக்குச் சென்றுவிடுவதால், மண்ணைத் தொடாத குட்டிகூடத் தப்புவதில்லை. இதனால்தான் இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். தாய்க்கும் அதே சமயத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் ஈறு வெளுத்த குட்டிக்கு மருந்து மட்டும் போதாது. இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

குளிர்ந்துபோன குட்டிக்கு வாயில் பால் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, முதலில் உடலைச் சூடேற்றுங்கள்.

ஈப்போ நாய் நேசர்:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பார்வோவை இப்போதே ஒதுக்கிவிட வேண்டாம். வழக்கமாக வாந்தியும் துர்நாற்றமான இரத்தப்போக்கும் இருக்கும் என்றாலும், மிக இளம் குட்டிகளில் அக்கிருமி இதயத்தைத் தாக்கினால் அறிகுறி எதுவுமின்றித் திடீரென்று இறப்பதுண்டு. மலத்தில் செய்யும் விரைவுச் சோதனையின் முடிவு சில நிமிடங்களில் கிடைத்துவிடும். அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

டெட்டால் ஊற்றிக் கழுவினால் பார்வோ போய்விடும் என்று நம்பாதீர்கள். சிமெண்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, 1 பங்கு குளோராக்ஸை (வெளுப்பு நீர்) 30 பங்கு நீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். மண்ணில் அது பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அந்த இடத்திற்குக் கொண்டுவர வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, பதினாறு வாரம் ஆகும் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தொடக்க ஊசிகளின் பலனைத் தடுத்துவிடக்கூடும்.

எலி மருந்தும் ஈறை வெளுக்கச் செய்யும். பெரும்பாலும் தின்ற சில நாள்களுக்குப் பிறகே இரத்தக்கசிவு தெரியவரும். வயிற்றுத் தோலில் கன்றிய தழும்போ மூக்கில் இரத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. இன்னொரு குட்டி இறக்க நேர்ந்தால் உடனே புதைத்துவிடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆனால் உறைய வைக்காதீர்கள், திசுக்கள் சிதைந்துவிடும். ஈப்போவிலேயே கால்நடை ஆய்வுக்கூடம் இருக்கிறது. உடற்கூறு ஆய்வு பற்றி மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

லயத்துவாசி:

இருவருக்கும் நன்றி. ஈறுகள் காகித வெள்ளையாக இருந்தன. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் நிறைய இருப்பதாக மருத்துவர் சொன்னார். பார்வோ சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பெண் குட்டிக்கு இரத்தம் ஏற்றி அங்கேயே வைத்திருக்கிறார்கள். ஆண் குட்டி மருந்துக்குப் பின் தானாகவே தாயிடம் போய்ப் பால் குடித்தது. தாய்க்கும் மருந்து கொடுத்துவிட்டோம். ஒரு சந்தேகம்: லயத்துப் பிள்ளைகள் அந்தக் கொட்டகை மண்ணில் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள், அவர்களுக்கு ஆபத்து உண்டா?

தைப்பிங்வாசி:

உண்டு. இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து நுழைந்து, சிவந்த கோடுபோல் நெளிந்து நெளிந்து அரிப்பை உண்டாக்கும். சில வகைப் புழுக்கள் மனிதக் குடலிலும் வளரும். பிள்ளைகள் செருப்பில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். மலத்தைத் தினமும் அள்ளி அப்புறப்படுத்துங்கள். அவ்விளம்புழுக்களுக்கு நிழலும் ஈரமும் வேண்டும் என்பதால், கொட்டகையின் ஓரத் தகரத்தைக் கழற்றி வெயில் படும்படி செய்யுங்கள். எந்தப் பிள்ளைக்காவது அரிப்பு இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) காட்டி, நாய்க்குட்டிகளுக்கு வந்த நோயையும் சேர்த்துச் சொல்லுங்கள்.