ஹெட்ஸ்பேஸுக்குத் தமிழ்: தலையிடைவெளியா, அமர்வாழமா, தங்கிடையா?

புன்னை எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். பழைய வேட்டை ரைபிள்களுக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் உரிமக்காரர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழல், விசை, தோள், கழுத்து, விளிம்பு எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டன. 'ஹெட்ஸ்பேஸ்' மட்டும் வழிவிட மாட்டேன் என்கிறது.

மூல நூல் தரும் விளக்கம் இது: தாழ் (குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் போல்ட்) முழுதும் பூட்டியிருக்கும்போது, தாழின் முகத்திலிருந்து, தோட்டாவை இதற்கு மேல் முன்னே போகவிடாமல் அறை (குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் இடம்) நிறுத்துகிற இடம் வரை உள்ள தூரம். இப்போதைக்குத் 'தலையிடைவெளி' என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி, "ரெண்டு தலைக்கு நடுவுலயா?" என்று கேட்டாள். நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

வேர்தேடி எழுதியது:

அன்புள்ள புன்னை அம்மா, சொல்லை ஆக்கும் முன் களத்தைச் சுத்தம் செய்துகொள்வோம். 'தோட்டா' என்று எழுதத்தான் வேண்டுமா? இந்துஸ்தானியிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம்மிடம் 'தோடு' இருக்கிறது. மேலுறை, இதழ், ஓலை எல்லாம் தோடுதான். தோட்டுக்குள் வெடிமருந்தை அடைத்தது தோட்டா. வேர் நம்முடையதாகவே இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

'துப்பாக்கி'யைத் துருக்கிச் சொல் என்பார்கள். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார் என்று சிலர் காட்டுவார்கள். அது மழையைப் பற்றிய குறள், அங்கே துப்பு உணவு. ஆகவே அந்தச் சான்று செல்லாது. ஆனால் துப்புதல் என்ற வினை நம்மிடம் இல்லையா? சிலம்பில் மதுரைக் கோட்டை மதில்மேல் 'கல்லுமிழ் கவண்' இருக்கிறது. உமிழ்வதும் துப்புவதும் ஒன்றுதான். 'உமிழி' என்று தொடங்கினால் மொத்தச் சொற்குடும்பமும் தூய தமிழில் எழும்.

கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை 'தங்கிடை'. தோட்டா தங்கும் இடை. வினைத்தொகை, நான்கே எழுத்து.

நெறியாளர் எழுதியது:

துப்பாக்கி, தோட்டா இரண்டும் மக்கள் நாவில் ஊறிய சொற்கள். அவற்றை மாற்றும் பேச்சுக்குத் தனி இழை தொடங்கலாம். வெள்ளிக்கிழமையை நினைவில் வையுங்கள்.

கடைசல்காரர் எழுதியது:

புன்னை அக்கா, நான் பட்டறைக்காரன். இலக்கணம் எனக்கு அரைகுறை. ஆனால் இந்தச் சொல்லில் 'இடைவெளி' வரவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். காரணம் ஓசையோ தூய்மையோ அல்ல, கைக்கும் கண்ணுக்கும் வரக்கூடிய ஆபத்து.

ஹெட்ஸ்பேஸ் ஒரு வெற்றிடம் இல்லை, ரைபிளில் வெட்டப்பட்ட ஓர் அளவு. பெட்டியின் ஆழம் வேறு, அதில் புத்தகத்தை வைத்த பிறகு மேலே மிஞ்சும் வெளி வேறு. ஆழத்துக்கே இடைவெளி என்று பெயர் வைத்தால், படிப்பவர் "இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, பூஜ்யம் என்றால் இன்னும் நல்லது" என்று எடுத்துக்கொள்வார். அளவு குறைந்தால் தாழ் பூட்டாது, பூட்டினாலும் நெரித்துக்கொண்டு பூட்டும். அளவு கூடினால் நடப்பதுதான் கையேட்டின் உயிர்.

விசையை இழுத்ததும் ஊசி தோட்டாவை முன்னே தள்ளுகிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறும்போது பித்தளைக் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து அறையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி அப்படிக் கவ்வாது. பின்னால் இடம் இருந்தால் அது தாழின் முகத்தில் போய் மோதும் வரை நகரும். முன்பாதி நிற்க, பின்பாதி நகர, நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. அடுத்த முறை நிரப்பிச் சுடும்போது இன்னும் மெலியும். வெளியே பார்த்தால் அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். மெல்லிய கம்பியின் நுனியை லேசாக வளைத்து உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டும். தட்டினால் கூட்டை நசுக்கிக் குப்பையில் போட வேண்டும், இன்னொரு தடவை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. விட்டால் கூடு இரண்டாகப் பிரியும். சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் இருக்கிற வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கி வழி தேடும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ரைபிளின் அளவு கனகச்சிதமாக இருந்தாலும் இதே விபத்து வரும். சுட்ட கூட்டை மீண்டும் பழைய அளவுக்கு நெரிக்கும் அச்சான டையை அளவுக்கு மீறி இறக்கி, கூட்டின் தோளை, அதாவது கழுத்தை நோக்கிச் சரியும் பகுதியை, பின்னுக்குத் தள்ளிவிட்டால், கூடு அந்த அறைக்குக் குட்டையாகிவிடும். அப்போது குற்றம் ரைபிளில் இல்லை, நிரப்பியவர் கையில். ஆகவே இரண்டு சொல் வேண்டும். ரைபிளில் உள்ள நிலையான அளவுக்கு ஒன்று. கூட்டின் அடிக்கும் தாழின் முகத்துக்கும் நடுவே உண்மையிலேயே மிஞ்சும் வெளிக்கு இன்னொன்று. முதலாவதுக்கு 'அமர்வாழம்', தோட்டா போய் அமரும் ஆழம். இரண்டாவதுக்குப் 'பின்வெளி'.

வேர்தேடி எழுதியது:

கடைசல்காரர் தம்பியின் விளக்கம் அருமை. ஆனால் 'அமர்வாழம்' எனக்கு நெருடுகிறது. அமர்வு என்றால் இன்று மக்களுக்கு மாநாட்டு அமர்வு, நீதிமன்ற அமர்வு. சொல்லின் பொருளை அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, 'அமர்வு' குற்றியலுகரமே இல்லை. கு, சு, டு, து, பு, று ஆறில்தான் உகரம் குறுகும். 'வு' முற்றியலுகரம். ஆழம் வந்தால் வகர உடம்படுமெய் பெற்று 'அமர்வுவாழம்' என்றல்லவா ஆக வேண்டும்?

நெய்தல் எழுதியது:

வேர்தேடி ஐயா, உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும் என்று சொல்லும் சூத்திரத்தின் கடைசியிலேயே நன்னூலார் "முற்றும் அற்று ஒரோவழி", முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே, என்று வழி விட்டிருக்கிறார். கதவு, அழகு சேர்ந்தால் கதவழகு. அமர்வாழமும் அப்படித்தான். புணர்ச்சியில் பிழை இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பித்தளைக் கூட்டுக்குக் 'கூடு' என்கிறீர்கள். ஈழ வழக்கில் 'கோது' என்போம். சுட்டபின் விழும் வெற்றுக் கோது என்றால் எவருக்கும் விளங்கும். உள்ளிருப்பது போனபின் எஞ்சும் புறத்தோல் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. பாய்ந்து போவதற்குச் 'சன்னம்' அல்லது 'ரவை' என்போம். கையேட்டில் 'தோட்டா' என்ற ஒரே சொல் முழுத் தோட்டாவையும், வெற்றுக் கோதையும், சன்னத்தையும் மாறி மாறிக் குறிக்குமானால் அதுவும் ஆபத்துத்தானே? பழைய எட்டு மில்லிமீட்டர் மவுசர் வகைகளில் 1888 மாடலின் சன்னம் .318 அங்குலம், பின்னாளில் வந்த 'எஸ்' வகை .323 அங்குலம். வேட்டை ரைபிள்களில் பழைய ஒடுங்கிய குழல் அதன் பின்னரும் பல காலம் தொடர்ந்தது. தடித்த சன்னத்தை ஒடுங்கிய குழலில் செலுத்தினால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். "தோட்டாவின் விட்டம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எதன் விட்டம் என்று வாசிப்பவர் எப்படி அறிவார்?

புன்னை எழுதியது:

நெய்தல், 'கோது' என் மனத்தில் உடனே ஒட்டிக்கொண்டது. எடுத்துக்கொள்கிறேன். சன்னத்தைச் 'சன்னம் (குண்டு)' என்று முதல் முறை மட்டும் எழுதுகிறேன். குழலுக்குள் மென்மையான ஈய உருண்டையைத் தள்ளி எடுத்து விட்டத்தை அளக்கும் முறைக்கு 'ஈயம் தள்ளி அளத்தல்' என்றே விட்டுவிட்டேன். அதற்கு யாரும் புதுச்சொல் ஆக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு சொற்களில் துணை வேண்டும். மருந்தின் எடை மூலத்தில் 'கிரெய்ன்' கணக்கில் இருக்கிறது. அப்புறம், 'புகையிலா மருந்து' என்று எழுதியதை எழுத்துக்கோப்பவர் 'புகையிலை மருந்து' என்று திருத்தி அனுப்பிவிட்டார்.

வேர்தேடி எழுதியது:

கிரெய்னுக்கு ஏன் கலங்க வேண்டும்? நம் முன்னோர் பொன் நிறுத்த அளவுகள் இருக்கின்றன. நான்கு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. கிரெய்ன் என்பதன் பொருளும் தானியமணிதான். 'குன்றி' என்று எழுதுங்கள். என்ன அழகான சொல்!

கடைசல்காரர் எழுதியது:

ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் செய்ய வேண்டாம். ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் எடை. நாற்பது கிரெய்ன் என்று இருக்கும் இடத்தில் நாற்பது குன்றி என்று எழுதி, ஒருவர் நம் பழைய அளவை மதித்து உண்மைக் குன்றிமணிக் கணக்கில் நிறுத்தால் மருந்து இரு மடங்கு. நூறு வருடப் பழைய ரைபிள் அதைத் தாங்காது.

'கிரெய்ன்' என்றே இருக்கட்டும். அதைவிடப் பெரிய கவலை, 'கிரெய்ன்', 'கிராம்' இரண்டும் தமிழ் எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். எடை வரும் ஒவ்வொரு இடத்திலும் சொல்லை முழுதாக எழுதுங்கள், 'கி.' என்று சுருக்கவே கூடாது. தராசை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள்.

புகையிலா மருந்துக்குப் 'புகையற்ற மருந்து' போதும். பழையதற்குக் 'கருமருந்து'. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தவே கூடாது என்பது தனி வரியாக வர வேண்டும். கருமருந்துக் காலத்துக் கோது பெரியது, அதை நிரப்பி அழுத்துவார்கள். 1884இல் பிரான்சில் போல் வியேய் ஆக்கிய புகையற்ற மருந்து சின்ன அளவிலேயே அதைவிடப் பல மடங்கு வேலை செய்வது. கோது நிறைய அதைக் கொட்டினால் குழல் வெடிக்கும். 'மருந்து' என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த மருந்து என்பதைப் படிப்பவர் ஊகத்துக்கு விடாதீர்கள். அச்சிட்ட அட்டவணையில் அந்த ரைபிளுக்கும் அந்த மருந்துக்கும் உரிய தொடக்க அளவு எதுவோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

புன்னை எழுதியது:

சரி, முக்கியமான சொல்லுக்கு வருவோம். மூன்று பரிந்துரைகளையும் கையேட்டின் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

"தலையிடைவெளி கூடுதலாக உள்ள ரைபிளில் சுட வேண்டாம்."
"தங்கிடை கூடுதலாக உள்ள ரைபிளில் சுட வேண்டாம்."
"அமர்வாழம் கூடுதலாக உள்ள ரைபிளில் சுட வேண்டாம்."

துப்பாக்கியைத் தொட்டே அறியாத என் தோழிக்கு மூன்றாவதுதான் ஏதோ ஓர் ஆழம், ஏதோ ஓர் அளவு என்று பட்டது. தங்கிடையைத் 'தங்கிய எடையா' என்று கேட்டாள்.

கடைசல்காரர் எழுதியது:

அதுதான் என் அச்சமும். எடைக்கு இடை என்ற பழைய வடிவம் உண்டு. மருந்தை நிறுத்துப் போடும் வேலைக்கான கையேட்டில் எடை போல ஒலிக்கும் சொல் வேண்டவே வேண்டாம்.

அமர்வாழத்துக்கு இன்னொரு சாதகம், எல்லா வகைத் தோட்டாவுக்கும் பொருந்தும். .303 பிரிட்டிஷ் விளிம்பில் அமர்கிறது. 1912இல் வந்த .375 ஹாலண்ட் மேக்னம் கோதின் அடியைச் சுற்றியுள்ள பட்டியில் அமர்கிறது. விளிம்பில்லாத மவுசர் வகை தோளில் அமர்கிறது. 'எதில் அமர்கிறது?' என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. .303 சுடும் நான்காம் எண் லீ-என்ஃபீல்டில், தாழின் முனையில் கழற்றி மாட்டும் தாழ்த்தலைகளில் 0 முதல் 3 வரை எண் பொறித்திருக்கும். எண் கூடக் கூடத் தலை நீளம், அமர்வாழம் குறையும். அந்த ரைபிளின் ராணுவ அளவு .064 முதல் .074 அங்குலம் வரை.

இதிலிருந்தே .303 வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டிய நல்ல வழக்கமும் வரும். அந்த ரைபிளின் அறை தோள் பக்கம் தாராளமாக வெட்டப்பட்டது. தன் ரைபிளிலேயே ஒருமுறை சுட்டு விரிந்த கோதை, முழு நீளத்துக்கும் டையில் நெரிக்காமல் கழுத்தை மட்டும் இறுக்கினால், அடுத்த முறை அது தோளிலும் அமரும். பின்வெளி ஏறக்குறைய இல்லாமல் போகும். கோதும் கூடுதல் நாள் உழைக்கும். அந்தக் கோதை வேறு ரைபிளில் போடக் கூடாது. இந்தப் பத்தியை 'அமர்', 'பின்வெளி' இரண்டும் இல்லாமல் எழுதிப் பாருங்கள், சுற்றி வளைக்கும்.

நெய்தல் எழுதியது:

அமர்வாழத்துக்கு என் வாக்கு. அமர்வாழத்தைச் சோதிக்க அறையில் இட்டுப் பார்க்கும் அளவிகளுக்கு 'பூட்டும் அளவி', 'பூட்டா அளவி' என்று வைக்கலாமோ? முதலாவதை இட்டால் தாழ் பூட்ட வேண்டும், இரண்டாவதை இட்டால் பூட்டக் கூடாது.

வேர்தேடி எழுதியது:

பெரும்பான்மை அந்தப் பக்கம் போய்விட்டது, தெரிகிறது. நான் இசையவில்லை. மாநாட்டுச் சொல் ரைபிளுக்குள் போய் உட்கார்வதை என் காது ஏற்கவில்லை. 'அமர்வு' வேண்டாம், 'அமர்' என்ற வினையை மட்டும் வைத்து 'அமராழம்' என்றாவது சுருக்குங்கள். புணர்ச்சித் தகராறும் தீரும்.

புன்னை எழுதியது:

ஐயா, 'அமராழம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் பார்வையில் 'அமரா ஆழம்' என்று பிரித்துவிடுகிறார்கள். அமராத ஆழம் என்று பொருள் தலைகீழாகிறது. அமர்வாழம், பின்வெளி, கோது, சன்னம், பூட்டும் அளவி, பூட்டா அளவி என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சொற்பட்டியலில் அமர்வாழத்துக்கு நேரே 'ஹெட்ஸ்பேஸ்' என்பதையும் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், அளவியின் மேல் அந்தச் சொல்தான் இருக்கும். தங்கிடை பட்டியலில் இல்லை.

வேர்தேடி எழுதியது:

பட்டியலில் இல்லாவிட்டாலும் குழும ஆவணத்தில் என் மாறுபட்ட கருத்தைப் பதிந்து வைக்குமாறு நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் 'பின்வெளி'யையும் பேச வேண்டும். பின் என்பது இடமா, காலமா என்ற கேள்வியை யாருமே தொடவில்லை.