கிறிஸ்தவக் குறுநாவலில் தோட்டப் பூக்கள்: பிரசங்கமாகிவிடாமல் எழுதுவது எப்படி?

கேள்வி – எழுத்தூழியம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மூன்று ஆண்டுகளாக ஒரு கிறிஸ்தவக் குறுநாவலை எழுதி வருகிறேன். கணவரை இழந்த ஒரு பெண், அவர் வளர்த்த ரோஜாத் தோட்டத்தின் கதவை இரண்டு ஆண்டுகள் திறக்காமலே இருக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒருநாள் விடியற்காலையில் உள்ளே போனவள், கவனிப்பாரற்றுக் கிடந்த செடியில் ஒற்றைச் சிவப்பு ரோஜா பூத்திருப்பதைக் கண்டு, அங்கேயே முழங்காற்படியிட்டு அழுது ஆறுதல் அடைகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இந்த இடத்தைத்தான், கைப்பிரதியைப் படித்த மூவரும் “இங்கே கதை நின்று பிரசங்கம் தொடங்கிவிடுகிறது” என்றார்கள்.

இடையில் ஓர் அத்தியாயம் உயிர்த்தெழுதலின் காலையை மகதலேனா மரியாளின் பார்வையில் சொல்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தை வெள்ளை ஈஸ்டர் லில்லிகளாலும் கேந்திப் பூக்களாலும் நிரப்பியிருக்கிறேன். அதுவும் செயற்கையாகத் தோன்றுகிறதாம். பூக்களை எடுத்துவிட எனக்கு மனம் இல்லை. விசுவாசத்தை மறைக்காமல், பூவைப் பூவாகவே எழுத என்ன வழி?

மறுமொழி – ஒட்டுச்செடி

சகோதரி, உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தின் சிக்கல் பக்தியில் இல்லை, செடியில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். தோட்டத்தில் வைக்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். வலுவான ஒரு காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல இரகத்தின் மொட்டை வைத்துக் கட்டி வளர்த்தவை. இரண்டு ஆண்டுகள் யாரும் பார்க்காமல் விட்டால், ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் தளிர்கள் கிளம்பி, மேலே உள்ள நல்ல இரகத்திற்குப் போகவேண்டிய சத்தையெல்லாம் தாங்களே இழுத்துக்கொண்டு ஓங்கி வளரும். ஆகவே உங்கள் கதாநாயகி கதவைத் திறக்கும்போது அவளுக்காகக் காத்திருப்பது கணவரின் சிவப்பு ரோஜாவாக இருக்க வாய்ப்புக் குறைவு. மல்டிஃப்ளோரா போன்ற வேர்ச்செடியாக இருந்தால், ஐந்தே இதழ்கள் கொண்ட சிறு வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும்.

அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். தோட்டம் நிறையப் பூ இருக்கிறது, ஆனால் அவர் வைத்த பூ அதில் இல்லை. அவள் மண்ணைக் கையால் விலக்கி, தண்டின் அடியில் முடிச்சுப்போலப் புடைத்திருக்கும் ஒட்டுப் பகுதியைத் தேடுகிறாள். அதற்கு மேலே, காய்ந்தது என்று நினைத்த ஒரு குச்சியை நகத்தால் கீறுகிறாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிகிறது. அத்தியாயத்தை அங்கே நிறுத்திவிடலாம். கவாத்து செய்த பிறகு மறுபடி பூக்க ரோஜாவுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அவள் நாள்தோறும் தண்ணீர் ஊற்றட்டும், கோபப்படட்டும், ஜெபிக்க முடியாமல் திரும்பிப் போகட்டும். ஒரே காலையில் நீங்கள் கொடுத்துவிட்ட ஆறுதல் அப்போதுதான் அவளுடையதாக ஆகும்.

ரோமர் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒட்டவைத்தலைத் தலைகீழாகச் சொல்வதையும் கவனித்திருப்பீர்கள். தோட்டக்காரர் காட்டு வேரில் நல்ல கிளையை ஒட்டுவார். பவுலோ காட்டொலிவக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்பட்டதாகச் சொல்லி, அது சுபாவத்துக்கு விரோதமானது என்று தாமே எழுதுகிறார். உங்கள் கதாநாயகிக்கு அந்த அதிகாரம் பழக்கமானது என்றால், இந்த வேறுபாட்டை அவளே கண்டுபிடிக்கும்படி விடலாம்.

மறுமொழி – வேதமாணவன்

மரியாளின் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இன்று ஈஸ்டர் லில்லி என்று அழைக்கப்படும் செடியின் தாயகம் ஜப்பானின் தென்தீவுகளும் தைவானும் ஆகும்; கேந்தியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். முதல் நூற்றாண்டு எருசலேமில் இவை இரண்டுமே இருந்திருக்க முடியாது. சிலுவைப்பாடுகளின் சின்னமாகச் சொல்லப்படும் பாஷன் மலரைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதன் மூன்று சூலக முடிகளை ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளைக் காயங்களாகவும், சுற்றியுள்ள இழைகளை முள்முடியாகவும் கண்ட வழக்கம், அமெரிக்காவுக்குச் சென்ற ஸ்பானிய ஊழியர்களால் பரவியது.

அந்த நிலத்தில் பஸ்கா ஒட்டிய வசந்தத்தில் காணக்கூடியவை சிவப்பு அனிமோனும், பாறை இடுக்குகளில் வளரும் சைக்ளமனும் ஆகும். மத்தேயு 6-இல் வரும் காட்டுப்புஷ்பங்கள் அனிமோனாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அனிமோன் இரவில் இதழ்களை மூடிக்கொண்டு, வெயில் பட்டதும் விரியும். யோவான் 20-இன்படி மரியாள் இருட்டோடே வருகிறாள். அப்படியானால் அவள் வரும்போது தோட்டத்துப் பூக்கள் மூடியே இருக்கும். அழுதபடி அவள் நின்றுகொண்டிருக்கையில்தான் பொழுது விடியும். பூக்கள் விரிந்ததை அவள் பார்த்தாள் என்றுகூட நீங்கள் எழுத வேண்டியதில்லை.

மறுமொழி – காலைப்பனி

மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவையே. ஆயினும் ஓர் அச்சத்தைச் சொல்லவேண்டும்: பிரசங்கம் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, ஜெபத்தையே கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். விசுவாசக் கதைகளைத் தேடிப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, கதாபாத்திரம் தேவனோடு பேசும் இடமே கதையின் உயிர்நாடி. எங்களைச் சலிப்படையச் செய்வது, அவள் பேசி முடித்த பிறகு ஆசிரியர் வந்து அந்தப் பூவின் பொருளை விளக்கும் பத்திதான். யோவான் எந்தப் பூவின் பெயரையும் எழுதவில்லை; அங்கே ஒரு தோட்டம் இருந்தது என்றும், அவள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள் என்றும் மட்டுமே சொல்லி, “மரியாளே” என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திருப்பிவிடுகிறார். உங்கள் அத்தியாயத்திற்கும் ஒரு பூ போதும்.

எழுத்தூழியம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லில்லிகளை எடுத்துவிட்டு, பாறையோரத்தில் ஒரு சைக்ளமனை மட்டும் வைக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தை நகத்தால் கீறும் இடத்தில் முடித்து, ஜெபத்தைப் பன்னிரண்டாம் அத்தியாயத்திற்குத் தள்ளுகிறேன். ஒட்டுச்செடி ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி: அந்த வேர்த்தளிர்களை அவள் கத்தரியால் வெட்டுவதாக எழுதலாமா?

ஒட்டுச்செடி

வெட்டினால் அதே இடத்திலிருந்து மீண்டும் பல தளிர்கள் கிளம்பும். மண்ணைத் தோண்டி, வேரில் அது தொடங்கும் இடம்வரை போய், கையுறை போட்டுக்கொண்டு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுக்க வேண்டும். சற்று வலுவாகவே இழுக்கவேண்டியிருக்கும், அதையும் எழுதுங்கள்.