வால்நட் என்று நம்பி வாங்கிய மேசை

அஸ்தம்பட்டியிலிருந்து:

நாலு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு கடையில் சாப்பாட்டு மேசை வாங்கினேன். பில்லில் 'ஈஸ்ட் இந்தியன் வால்நட்' என்று போட்டிருந்தது. அடர் பழுப்பு, நடுநடுவே கருப்பு ரேகை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். போன மாசம் ஒரு கால் ஆட ஆரம்பித்தது. ஆசாரி வந்து மேசையைக் கவிழ்த்துப் போட்டு, பாலிஷ் படாத அடிப்பக்கத்தில் இழைப்புளியை ரெண்டு தரம் ஓட்டினார். அடுக்கடுக்காக நாலு தும்மல்.

"இது வாகைங்க சார். இந்தத் தூள் பட்டாலே எனக்கு இப்படித்தான்."

அப்புறம் தேடிப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்லை. வாகைக்கு மர வியாபாரத்தில் அந்தப் பெயர் உண்டாம். ஆனால் வாகை புளி, கொன்றையின் சொந்தக்காரன். வால்நட் என்பது நாம் தின்கிற அக்ரூட்டின் குடும்பம். நிறம் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாகை மட்டமான மரம் என்று சொல்லவில்லை, வைரம் என்கிற உள்கட்டை நன்றாகவே உழைக்கும். ஆடின கால் மட்டும் ஓரத்து வெளிர்ப் பகுதியில் அறுத்தது, உள்ளே உளுத்துப் போயிருந்தது. எனக்கு ஆத்திரம் எல்லாம் விலையைப் பற்றித்தான்.

ஓமலூரிலிருந்து:

அசல் அமெரிக்கக் கருப்பு வால்நட் என் பட்டறைக்கு ஒரே தடவைதான் வந்தது. ஒருவர் நகைப்பெட்டி செய்யச் சொல்லி நாலு பலகை கொடுத்தார். கையில் தூக்கினதும் ஏமாற்றமாக இருந்தது. ஈட்டி மரம் கன அடிக்கு 23 கிலோ வரும், இது 17 தான். ஆனால் இழைக்கும்போது என்ன சுகம்! தேக்கில் மண் மாதிரி சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை, சுருள் சுருளாக வந்தது.

ஒரு தப்புப் பண்ணினேன். பசை ஒழுகி ஈரமாக இருந்த இடத்தில் இரும்பு கிளாம்பை இறுக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் மை கொட்டின மாதிரி நீலக் கருப்பில் கறை. மரத்தில் இருக்கும் டேனின் என்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். கறை போகிறவரை இழைத்ததில் மூடி மெலிந்துவிட்டது. அந்தப் பெட்டியை வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். சாக்லேட் நிறம் இப்போது வெளுத்துத் தேன் நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் கதை இன்னும் மோசம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கில் வால்நட் கலர் ஏற்றிக் கட்டில் செய்தோம். பேரன் சாவியால் ஒரு கீறு கீறினான், உள்ளே ரோஸ் நிறம். சில்வர் ஓக்கும் ஓக் இல்லை, ஆஸ்திரேலியாக்காரன். காற்றில் சாய்ந்த வாகை ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது. அந்தத் தும்முகிற ஆசாரி மலைக்கு வருவாரா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

கேட்டுவிட்டேன். வருவாராம், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு.