எக்ஸிஷன் ரிப்பேர்: ‘களைசெப்பம்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெயிலால் சிதைந்த டி.என்.ஏ.வைத் தோல் உயிரணுக்கள் எவ்வாறு சரிசெய்கின்றன என்பது பற்றிக் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு பாடம் எழுதி வருகிறேன். அவ்வாறு சரிசெய்யும் வழிகளுள் ஒன்றான ‘நியூக்ளியோடைடு எக்ஸிஷன் ரிப்பேர்’ (நியூக்ளியோடைடு என்பது டி.என்.ஏ. இழையின் அலகு) என்பதற்கு முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட ‘நியூக்ளியோடைடு நீக்கப் பழுதுநீக்கம்’ எனக்கு நிறைவளிக்கவில்லை. நீக்கம் இருமுறை வருவதால், நீக்கப்படுவது பழுதா நியூக்ளியோடைடா என்று மாணவர் திகைப்பார். அதைவிடப் பெரிய குறை, நீக்கிய பின் நடப்பதை அச்சொல் சொல்லாமல் விடுவதாகும்.

நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புற ஊதாக் கதிர் படும்போது, ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் (நியூக்ளியோடைடில் அமையும் நான்கு வகைக் காரங்களுள், அதாவது ‘பேஸ்’களுள், ஒன்று) ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அவ்விடத்தில் சுருள் கோணலாகிறது. அக்கோணலை எக்ஸ்.பி.சி. முதலிய புரதங்கள் கண்டுகொள்ள, வேறொரு புரதத் தொகுதி இழைகளைப் பிரிக்க, எக்ஸ்.பி.எஃப்., எக்ஸ்.பி.ஜி. என்னும் நொதிகள் பழுதின் இருபுறமும் வெட்டி, ஏறத்தாழ 24 முதல் 32 நியூக்ளியோடைடுகள் கொண்ட துண்டை வெளியே எடுக்கின்றன. பிணைந்தவை இரண்டே, எடுக்கப்படுவதோ முப்பதளவு. விரிசல் கண்ட சுவரைக் கொத்தனாரும் விரிசலின் அகலத்துக்கு மட்டும் கொத்துவதில்லை. உறுதியான பூச்சு தட்டுப்படும்வரை கொத்தியெடுத்த பிறகே புதிதாகப் பூசுகிறார். உயிரணுவில் அந்தப் பூச்சு வேலையைப் பாலிமரேஸ் என்னும் நொதி செய்கிறது: எதிர் இழையைப் படித்து, அதனோடு இணைசேரும் நியூக்ளியோடைடுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கடைசி இடைவெளியை லைகேஸ் என்னும் நொதி மூடுகிறது.

ஆகவே களைதல், செப்பனிடுதல் ஆகிய இரண்டும் சொல்லில் இருக்க வேண்டும். ‘திருத்தம்’ என்ற சொல் இலங்கைத் தமிழில் வண்டி முதல் வீதி வரை எல்லாப் பழுதுபார்ப்புக்கும் இயல்பாக வழங்குவது. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘மரபணுத் திருத்தம்’ என்பது மனிதர் வேண்டுமென்றே செய்யும் மாற்றத்துக்கு நாளிதழ்களில் வேரூன்றிவிட்டது. ‘ஒட்டுப்போடல்’ அறவே பொருந்தாது. ஒட்டு பழுதின் மேல் அமர்வது, இங்கே பழுது எஞ்சுவதில்லை.

எனவே ‘களைசெப்பம்’ என்பதை முன்வைக்கிறேன். இதை ஒற்று மிகாமல் எழுத வேண்டும். ‘களைச்செப்பம்’ என்றால் வயலில் முளைக்கும் களை நினைவுக்கு வரும்; ‘ஊறுகாய்’, ‘சுடுகாடு’ போல வினைத்தொகையாக நின்றால், களைந்த, களைகின்ற, களையும் செப்பம் என முக்காலத்துக்கும் பொருந்தும். தனியொரு காரத்தை மட்டும் எடுக்கும் வகையைக் ‘காரக் களைசெப்பம்’ என்றும், மேலே விவரித்ததை ‘நியூக்ளியோடைடுக் களைசெப்பம்’ என்றும் பிரித்துச் சொல்லலாம்.

ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது. அவர்களுடைய தோல் உயிரணுக்களில் இந்தச் செப்பம் குறைபட்டிருப்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். ‘களைசெப்பக் குறைபாடு’ என்றால், குழந்தையின் உடலில் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்பது பெற்றோருக்கும் ஓரளவு புரியும். அந்தப் புரிதலுக்காகவே இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இச்சொல்லின் எல்லையையும் இப்போதே வரையறுத்துக்கொள்வது நல்லது. பல பாக்டீரியாக்களிலும் தாவரங்களிலும் உள்ள ஃபோட்டோலையேஸ் நொதி, ஒளியின் ஆற்றலைக் கொண்டு தைமின் பிணைப்பை நேரடியாக அவிழ்த்துவிடுகிறது. மனிதருக்கு அந்த நொதி இல்லை. அங்கே எதுவும் களையப்படாததால் அதை ‘ஒளிச்செப்பம்’ எனலாம். எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவற்றால் இரண்டு இழைகளும் முறியும்போது முனைகளை நேராக இணைக்கும் வழிக்கு ‘முனையிணைப்புச் செப்பம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் இணைக்கும் முன் அம்முனைகள் சிறிது செதுக்கப்படுவதும் உண்டு என்பதால், அப்பெயர் போதுமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.