பியர்டட் டிராகன் ப்ரூமேஷன்ல (பல்லி இனங்களோட குளிர்காலத் தூக்கம்) இருந்து முழுசா எழுந்திரிக்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம்? (மெல்பர்ன்)

முத்துவோட_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்ககிட்ட சென்ட்ரல் பியர்டட் டிராகன்ங்கற பல்லி ஒண்ணு இருக்கு, ஆண், நாலு வயசு, பேரு முத்து. ஜூன் ஆரம்பத்துல குளிர் ஏறினதும் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சான், அப்புறம் மரப்பட்டைக் குகைக்குள்ள போய்ப் படுத்தவன்தான். போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில தானாவே வெளிய வந்து லைட்டுக்கு அடியில உக்காந்துட்டான். இந்த வருஷம் செப்டம்பர் பாதி தாண்டியாச்சு, தலையை மட்டும் நீட்டுறான், ஒரு கண்ணைத் திறந்து பாக்குறான், மறுபடி உள்ள போயிடுறான். தூங்குறப்போ லைட்டை 8 மணி நேரமா குறைச்சிருந்தோம், போன வாரத்துல இருந்து கூட்டிக்கிட்டே வந்து இப்ப 12 மணி நேரம் எரியுது. கண்ணாடித் தொட்டியில ஒட்டியிருக்கற மீட்டர் 38 டிகிரி காட்டுது. எடை தூங்கப் போறதுக்கு முன்னாடி 430 கிராம், இன்னைக்கு 415. நெட்ல பாத்தா பிப்ரவரி மார்ச்லயே எழுந்துடும்னு எழுதியிருக்காங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. வாயைத் திறந்து ஒரு புழுவாவது ஊட்டிவிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் குகை முன்னாடியே உக்காந்திருக்கான். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

டான்டினாங்_அண்ணை:
தங்கச்சி, முதல்ல பயப்பிடாதேங்கோ. பிப்ரவரி மார்ச் எண்டு எழுதினது அமெரிக்கா, இங்கிலாந்தில வளர்க்கிற ஆக்கள். அவைக்கு அப்பதான் குளிர் முடியுது. எங்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர், சிலதுக்கு ஒக்டோபர் தொடக்கம் வரைக்கும் போகும். இது இந்த நாட்டுப் பிராணிதானே, உள்நாட்டு வறண்ட பக்கத்தில இருக்கிறது. பகல் நீளுறதையும் சூடு ஏறுறதையும் பாத்துத்தான் எழும்பும். 430இல 15 கிராம் குறைஞ்சது ஒண்டுமில்ல, பத்து வீதத்துக்கு மேல போனாத்தான் யோசிக்கோணும்.

ஆனா ஒரு விசயம் எனக்கு இடிக்குது. கண்ணாடியில ஒட்டுற மீட்டர் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில இருக்கிற காத்தைத்தான் சொல்லும். முத்து படுக்கிற கொப்பு எவ்வளவு சூடு எண்டு அதுக்குத் தெரியாது. தொடாமலே சூட்டை அளக்கிற இன்ஃப்ராரெட் டெம்ப் கன் ஒண்டு வாங்கி, லைட் போட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு அந்தக் கொப்பில அடிச்சுப் பாருங்கோ. 38இல இருந்து 42க்குள்ள வரோணும். மற்றது, யூவிபி ட்யூப், அதான் புற ஊதாக் கதிர் தாற லைட், எப்ப மாத்தினீங்கள்? நித்திரைக்குப் போக முன்னம் வயிறு காலியா இருந்ததோ? புழு ஊட்டுற வேலை மட்டும் வேண்டாம்.

கீலாங்_ரவி:
எங்க வீட்டு டிராகனும் இப்படித்தான் படுத்தே கிடந்தது, தினமும் சுடுதண்ணில முக்கி எடுத்தேன், சிரிஞ்ச்ல காய்கறிக் கூழ் குடுத்தேன், எழுந்துடுச்சு. ட்ரை பண்ணிப் பாருங்க.

நர்ஸ்_மீனா:
ரவி அண்ணா, உங்களுது நல்லபடியா எழுந்தது சந்தோஷம், ஆனா மத்தவங்களுக்கு அதைச் சொல்றது ரிஸ்க். நான் எக்ஸாட்டிக்ஸ் (பல்லி, பாம்பு மாதிரி செல்லப்பிராணிகள்) வெட் கிளினிக்ல வேலை பாக்குறேன், அதனால காரணத்தோட சொல்லிடறேன். இதுக்கு உடம்புச் சூடு வெளியிலருந்துதான் வரணும். உடம்பு குளுந்து கிடக்குறப்போ குடலே வேலை செய்யாது, அப்ப உள்ள போற சாப்பாடு செரிக்காம அங்கயே அழுகும். அரைத்தூக்கத்துல சிரிஞ்ச்ல கூழ் விட்டா நுரையீரலுக்குள்ள போகவும் வாய்ப்பு இருக்கு. சூடு, அப்புறம் தண்ணி, கடைசியா சாப்பாடு, இந்த வரிசையை மாத்தாதீங்க.

குளிப்பாட்டுறதும் கண்ணு முழிச்சு கொஞ்ச நேரம் லைட்டுக்கு அடியில இருந்த பிறகுதான். தண்ணி 32-லருந்து 35 டிகிரி, நம்ம கைக்கு வெதுவெதுன்னு கூட தோணாது, அவ்வளவு போதும். ஆழம் முன்னங்கால் முட்டி வரைக்கும். 15 நிமிஷம், கூடவே நிக்கணும், எடுத்ததும் துண்டால ஒத்தி நேரா பாஸ்கிங் (சூடு காயுற) கொப்புல விட்டுடுங்க, ஈரத்தோட குகைக்குள்ள போகவிடாதீங்க. குளிக்க வைக்க மனசில்லன்னா மூக்கு நுனியில சொட்டு சொட்டா தண்ணி விடுங்க, நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கும்.

கண்ணு குழி விழுந்திருக்கறது, வாயோரம் சளி, மூச்சு விடுறப்போ சத்தம், கை கால் நடுக்கம், தூக்கினா துவண்டு தொங்குறது, இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே வெட்கிட்ட போயிடுங்க. அது ப்ரூமேஷன் இல்ல.

முத்துவோட_அம்மா:
அண்ணா, மீனா, ரொம்ப ரொம்ப நன்றி. நீங்க சொன்ன எந்த அறிகுறியும் இல்ல, தூக்கினா காலை உதைக்கிறான். வயிறு காலியான பிறகுதான் தூங்கப் போனான். யூவிபி ட்யூப் மாத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. டெம்ப் கன் வாங்கி அடிச்சுப் பாத்தேன், கண்ணாடி மீட்டர் 38 காட்டுற அதே நேரத்துல கொப்பு மேல 31தான்! பல்பைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டோட ப்ரோப் (சூட்டை அளக்கற முனை) ஒயர் நழுவி பல்புக்கு நேர் கீழ வந்து கிடக்குது, அதனால பல்பு சீக்கிரமே மங்கிடுது போல.

டான்டினாங்_அண்ணை:
இதுதான் விசயம். லைட் வெளிச்சம் விடிஞ்சிட்டுது எண்டு சொல்லுது, கொப்பு இன்னும் குளிர்காலம் எண்டு சொல்லுது, அவன் என்ன செய்வான். இவைக்கு உச்சந்தலையில மூண்டாவது கண் மாதிரி ஒண்டு இருக்கு, வடிவாப் பாத்தா ஒரு சின்னச் செதில் மங்கலா வித்தியாசமாத் தெரியும். உருவம் தெரியாது, வெளிச்சம் நிழல் தெரியும். அதாலதான் வெளிச்சம் கூடின உடன தலையை நீட்டிறான், சூடு காணாததால திரும்பிப் போறான்.

ப்ரோபை பழைய இடத்தில கேபிள் டை போட்டு இறுக்குங்கோ. குளிர்ந்த பக்கம் 25 அளவில இருக்கட்டும், அவன் சூட்டையும் குளிரையும் தானே தேடிப் போகோணும். யூவிபி ட்யூப் எரிஞ்சாலும் ஒரு வருசத்தோட அதின்ர பலன் குறைஞ்சிடும், மாத்துங்கோ. கண்ணாடிக்கு வெளிய வைச்சா யூவிபி உள்ள வராது, அதையும் கவனியுங்கோ. ஹொட் ரொக் எண்டு கரண்டில சூடாகிற கல்லைக் கடையில தந்தா வாங்காதேங்கோ, வயிறு வெந்துபோகும், அதுக்குத் தெரியாது.

முத்துவோட_அம்மா:
அப்டேட். ப்ரோபைக் கட்டி, ட்யூப் மாத்தி, கொப்பு 40க்கு வந்தது. மறுநாள் மத்தியானம் குகையை விட்டு வந்து கொப்புல ஏறி வயித்தைத் தட்டையா விரிச்சு, வாயைப் பாதி திறந்து வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான்!! பையன் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேட்டாங்க. மூக்குல தண்ணி விட்டேன், நல்லா குடிச்சான். குளிக்கறப்போ முதல் கக்கா, வெள்ளையா வர்ற பகுதி மஞ்சளா கெட்டியா இருந்தது. இன்னொண்ணு, இன்னைக்கு தாடி (கழுத்துக்குக் கீழ இருக்கற முள்ளு முள்ளான தோல்) கன்னங்கரேல்னு ஆகி தலையைத் தலையை ஆட்டுறான், வலியா இருக்குமோ? சாப்பாடு என்ன குடுத்து ஆரம்பிக்கறது?

நர்ஸ்_மீனா:
அக்கா படிச்சதும் அவ்ளோ சந்தோஷமா இருந்தது! வாய் திறந்து உக்கார்றது சூட்டை வெளியேத்தறதுக்கு, நல்ல அறிகுறி. மஞ்சளா கெட்டியா வந்தது தண்ணி பத்தாததால, ரெண்டு மூணு தடவை போனா வெள்ளையாயிடும். தாடி கறுக்கறதும் தலை ஆட்டறதும் ஆண் டிராகனுக்கு வசந்த காலத்துல வர்றது, இனப்பெருக்கப் பருவம். கண்ணாடியில தன்னையே பாத்துட்டு எதிரின்னு நினைச்சும் ஆட்டும், பின்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டுங்க. நாள் முழுக்க கறுப்பாவே இருந்து சாப்பிடவும் இல்லன்னா மட்டும் காட்டுங்க.

சாப்பாட்டுக்கு முதல்ல பக் சோய், என்டைவ், டான்டேலியன் இலை, துருவின பட்டர்நட் பூசணி, கொஞ்சூண்டு. பசலைக்கீரை இப்ப வேண்டாம், அது கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அவகாடோ எப்பவுமே கூடாது. ரெண்டு நாள் இலை செரிச்சு கக்கா போனதும் பூச்சி. அமெரிக்க வீடியோல எல்லாம் டூபியா ரோச்ங்கற கரப்பானைச் சொல்லுவாங்க, ஆஸ்திரேலியாவுல அதை வளர்க்க அனுமதி இல்ல, நமக்கு வுடீஸ்ங்கற வேற கரப்பான் இருக்கு. பட்டுப்புழு கிடைச்சா இன்னும் நல்லது, மல்பெரி துளிர்க்கற சீசன், மெத்துனு இருக்கும், நீர்ச்சத்தும் அதிகம். பூச்சி மேல கால்சியம் பவுடர் மறக்காதீங்க. சாப்பாடு உள்ள போன பிறகு ரெண்டு மணி நேரமாவது லைட் எரியணும், ராத்திரி அணைக்கற நேரத்துல குடுக்காதீங்க.

முத்துவோட_அம்மா:
என்டைவ் ரெண்டு துண்டு சாப்பிட்டான். பையன் கையில இருந்தே எடுத்துக்கிட்டான். கக்கா டெஸ்ட் பண்ணணுமா?

நர்ஸ்_மீனா:
பண்ணிடுங்க அக்கா. உடம்பு சோர்ந்திருக்கற நேரத்துல காக்சிடியா மாதிரி ஒட்டுண்ணி பெருகியிருக்கலாம். அடுத்த தடவை போனதும் சுத்தமான டப்பாவுல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடுங்க. ஃப்ரீசர்ல வெச்சிடாதீங்க, சாம்பிள் வீணாயிடும்.