தண்ணீர், பனிக்கட்டி, நீராவி: திரித்துவம் பேசி மாட்டிக்கொண்ட கதைகள்

நாசரேத்துக்காரன்:

பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். தேவன் ஒருவரே, ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவர் என்பதுதான் திரித்துவம். பெந்தெகொஸ்தே நாளுக்கு அடுத்து வரும் திரித்துவ ஞாயிறுக்கு அதை விளக்க ஓர் உதாரணம் தயாராக வைத்திருப்பேன். தண்ணீர்தான் பனிக்கட்டியாகிறது, தண்ணீர்தான் நீராவியாகிறது. பொருள் ஒன்று, நிலை மூன்று. பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

அக்காள் மகளுக்கு அமைந்த மாப்பிள்ளை வீடு ஒருத்துவ சபை. பிதா, குமாரன், ஆவி எல்லாம் ஒரே ஆள்தான் என்பவர்கள். இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். நிச்சயத்துக்கு முன் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். குழந்தைப் பருவத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தெளித்த தண்ணீர் செல்லாது, பெண் தண்ணீரில் மூழ்கி மறுபடி ஞானஸ்நானம், அதாவது முழுக்கு, எடுக்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் உதாரணத்தை எடுத்து விட்டேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “தம்பி, இதைத்தானே நாங்களும் நாற்பது வருடமாகச் சொல்லுகிறோம்? பிறகு எதற்குச் சண்டை?” என்று சிரித்தார்.

அன்றிரவே எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே ஆள்தான் மூன்று விதமாகத் தோன்றுகிறார் என்பது மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த சபேலியுஸ் பெயரோடு ஒட்டிக்கொண்ட போதனை; சபை அதை அப்போதே தள்ளிவிட்டது. “நீர் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சபேலியுஸைத்தான் ஊட்டியிருக்கிறீர்” என்றார். சரி, முட்டை? ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்றேன். “அப்படியானால் பிதா மூன்றில் ஒரு பங்கு தேவனா?” சூரியனும் ஒளியும்? “அது கொஞ்சம் தேறும். சபையின் பழைய விசுவாச அறிக்கையான நிசேயா பிரமாணமே குமாரனை ஒளியிலிருந்து ஒளி என்றுதான் பேசுகிறது. ஆனால் சூரியனும் அதன் ஒளியும் ஒன்றையொன்று நேசிக்குமா?”

அடுத்த முறை சம்பந்தி வீட்டுப் பெரியவரான அந்த அண்ணாச்சியைப் பார்க்கப் போனபோது உதாரணம் எதுவும் கொண்டு போகவில்லை. யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைப் பற்றிக் கேட்டேன். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் வருகிறது. ஒருவரேயானால் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்? பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்தாரே, யார் யாரிடம் மன்றாடினார்? அவரிடம் பதில் இருந்தது: மாம்சத்தில் வந்த மனிதத்தன்மை தேவத்தன்மையிடம் ஜெபித்தது. அதோடு பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-ஐ என்னிடமே திருப்பினார். “நாமங்களிலே என்றா இருக்கிறது? நாமத்திலே என்றுதானே? அந்த ஒரே நாமம் இயேசு கிறிஸ்து என்று அப்போஸ்தலர் 2:38-இல் பேதுரு சொல்லிவிட்டாரே.” இது அவர் கண்டுபிடித்த வாதம் அல்ல. 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே நடந்த பெந்தெகொஸ்தே முகாம் கூட்டம் ஒன்றில் பொறி கிளம்பி, 1916-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையைப் பிளந்த வாதம். அது எங்கள் அக்காள் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். வசனப் பட்டியல் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

பெரம்பூர் சித்தி:

திரித்துவத்தை ஏற்காமல் வீடு வீடாக வந்து பேசும் யெகோவாவின் சாட்சிகள் இரண்டு பெண்கள், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வெயிலில் நிற்கிறார்களே என்று உள்ளே அழைத்து மோர் கொடுத்தேன். மாமியார் அடுக்களையிலிருந்து கண்ணாலேயே என்னைச் சுட்டார்.

திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் இல்லையே என்று மூத்தவர் ஆரம்பித்தார். என்னிடம் 1 யோவான் 5:7 இருந்தது. பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்று. தாத்தா சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வசனம். வாசித்துவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தேன். “அக்கா, வீட்டில் வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். 1995-இல் வந்த திருவிவிலியம் மகளின் மேசையில் இருந்தது. புரட்டினேன். தூய ஆவி, நீர், இரத்தம். தந்தையும் இல்லை, வார்த்தையும் இல்லை.

எனக்கு வந்த கோபம் அவர்கள்மேல் அல்ல. ஐம்பது வயது வரை இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே! பிறகு நானே தேடிப் படித்தேன். எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்த வரி இல்லை. கண்டனம் எழுந்த பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. நம் பழைய தமிழ் வேதாகமத்துக்கு அந்தப் பிற்காலப் பாடத்தின் வழியாகத்தான் வந்திருக்கிறது.

படித்ததில் இன்னொன்றும் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை அவர்களிடம் அதைச் சொன்னேன். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அந்த வரியின்மேல் கட்டவில்லை. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் கூட்டத்தாரோடு வாழ்நாளெல்லாம் போராடிய அத்தனாசியுஸும் அதைக் காட்டி வாதாடவில்லை. ஆகவே தாத்தாவின் அடிக்கோடு போனது, கோட்பாடு போகவில்லை. அவர்கள் யோவான் 14:28-ஐத் திறந்தார்கள், பிதா என்னிலும் பெரியவர். நான் யோவான் 20:28-ஐத் திறந்தேன், தோமா சொன்ன “என் ஆண்டவரே! என் தேவனே!” ஒரே புத்தகம்தான், ஆறு அதிகாரம் இடைவெளி. யாரும் யாரையும் மாற்றவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாமியாரே மோர் கலக்கி வைத்திருந்தார்.

குவைத்திலிருந்து ஒருவன்:

பணிமனையில் இஸ்லாமிய நண்பர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் விடாமல் கேட்பார்: ஒன்றும் ஒன்றும் ஒன்றும் எத்தனை? கூட்டாதே, பெருக்கு என்பேன். இருவரும் சிரிப்போம். அது பதில் அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

எங்களோடு எகிப்தைச் சேர்ந்த கோப்துக் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தார். அவர் வாதத்தில் சேரவே மாட்டார். ஒருநாள் அவர் சிலுவை அடையாளம் இட்டு அரபியில் ஜெபித்ததை உற்றுக் கேட்டேன். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. “ஒரே கடவுள், ஆமென்” என்று முடித்தார். அவர்கள் சபையில் எல்லோரும் அப்படித்தானாம். அந்தக் கேள்வியின் நடுவிலேயே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர்கள் அல்லவா?

தமிழாசிரியர்:

நாங்கள் பூசையில் சொல்லும் நிசேயா அறிக்கையில் மகனைத் “தந்தையோடு ஒரே பொருளானவர்” என்கிறோம். நாசரேத்துக்காரர் சபையில் “ஒரே தன்மை” என்பார்கள். கிரேக்கத்தில் சண்டை ஓர் எழுத்தில் வந்து நின்றது: ஹோமோஊசியோஸ் என்றால் ஒரே பொருள், ஹோமொய்ஊசியோஸ் என்றால் ஒத்த பொருள். மறைக்கல்வி வகுப்பில் இதை விளக்கியபோது ஒரு பையன் எழுந்தான். “ஐயா, எங்கள் ஊரில் ஒத்த ரூபாய் என்றால் ஒரு ரூபாய்தானே?” ஒத்ததற்கும் ஒற்றைக்கும் வேறுபாடு சொல்லியே அன்றைய மணி முடிந்தது.

இது மேல்நாட்டுச் சண்டை என்றும் ஒதுக்க முடியாது. இங்கிலாந்து போய்த் திரும்பிய வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், பிதா ஒருவரே கடவுள் என்று கற்பிக்கும் யூனிட்டேரியன் சபையை 1795-லேயே சென்னையில் தொடங்கிவிட்டார்.

நாசரேத்துக்காரன்:

பெண் என்ன செய்தாள் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: முழுக்கு எடுத்தாள். தானே யோசித்து எடுத்தாள். அக்காள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

கான்ஸ்டான்டிநோபிளில் ரொட்டி விலை கேட்டால் பிதா பெரியவர், குமாரன் சிறியவர் என்று பதில் வருகிறது என நான்காம் நூற்றாண்டில் நிசா நகர ஆயர் கிரகோரியார் அலுத்துக்கொண்டதாக ஐயர் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின இரவு சமையல்காரர் பாயசத்துக்கு எத்தனை லிட்டர் பால் என்று மூன்று முறை வந்து கேட்டார். நானும் அண்ணாச்சியும் கெத்செமனே வாதத்திலேயே மூழ்கியிருந்தோம். கடைசியில் அவரே ஒரு கணக்குப் போட்டு வாங்கினார். இரண்டாம் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துவிட்டது.